பெரணிக்கு வலைக் கூடம் எதற்கு? தோப்பு நிழல் போதும்

தென்னந்தோப்பில் ஊடுபயிராக எதை வைக்கலாம் என்று கேட்டு வரும் சிறு விவசாயிகள் முன்பெல்லாம் வாழை, கோகோ, மிளகு, ஜாதிக்காய் என்றுதான் பேச்செடுப்பார்கள். இப்பொழுது அழகுச் செடிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அவற்றிலும் ‘மெய்டன்ஹேர்’ என்று நாற்றுப்பண்ணைக்காரர்கள் சொல்லும் மெல்லிய பெரணிச் செடியைப் பற்றிக் கேட்போர் உண்டு. பத்து சென்ட் நிலத்தில் நிழல்வலைக் கூடம் போட வேண்டும், அதற்குக் கடன் வாங்க வேண்டும், செடியை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும், ஓராண்டில் முதல் திரும்பிவிடும் என்று யாரோ கணக்குப் போட்டுக் கொடுத்த தாளையும் சிலர் கையில் வைத்திருக்கிறார்கள்.

இது பற்றி என் கருத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். பெரணி நல்ல செடி. நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் அதைப் போல் அடக்கமாக வளர்ந்து அழகு தரும் செடி வேறில்லை. ஆனால் ஒரு சிறு விவசாயி கடன் வாங்கிக் கூடம் போட்டு வளர்க்க வேண்டிய செடி அல்ல அது. ஏற்கனவே நிழல் வைத்திருப்பவர் அந்த நிழலில் கொஞ்சமாகத் தொடங்கிப் பெருக்க வேண்டிய செடி. ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

முதலில் செடியைத் தெரிந்து கொள்வோம். பெரணி என்பது பூ, காய், விதை எதுவும் இல்லாத தாவர இனம். நம் விவசாயிகளுக்கு நன்கு பழக்கமான பெரணி ஒன்று உண்டு. நெல் வயலில் விடுகிறோமே, கறவை மாட்டுக்கும் போடுகிறோமே, அந்த அசோலாவும் ஒரு பெரணிதான். அது தண்ணீரில் மிதப்பது. நாம் இங்கே பேசுவது மண்ணிலும் சுவரிலும் வளரும் ‘அடியாண்டம்’ என்ற பேரினப் பெயருடைய பெரணிகளைப் பற்றி. இலைக் காம்பு தலைமயிர் போல் மெலிந்து, கறுத்து, மினுமினுப்பாக இருக்கும். சிற்றிலைகள் கொத்துமல்லி இலையைப் போலப் பரவி, சிறு காற்றுக்கும் நடுங்கும். இலையின் மேல் தண்ணீர் தெளித்தால் முத்துப் போல் உருண்டு விழுந்துவிடும். ‘நனையாதது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லே ‘அடியாண்டம்’ ஆயிற்று.

பழைய சுண்ணாம்புக் காரை பூசிய கேணிகளின் உட்சுவரில், கல் இடுக்குகளில், தண்ணீர் கசியும் இடத்தில் இந்தச் செடி தொங்குவதை வயதானவர்கள் பார்த்திருப்பார்கள். அது அடியாண்டத்தில் ஒரு வகை. சுண்ணாம்புச் சத்து அதற்கு மிகவும் பிடிக்கும். நீர்மட்டம் இறங்கிக் கேணிகள் வற்றிய ஊர்களில் அச்செடியும் போய்விட்டது. இரண்டாவது வகை, மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து மண் கரைகளில் முளைத்து, கோடையில் காய்ந்து மறைந்து, அடுத்த மழைக்கு மீண்டும் தழைப்பது. ஆயுர்வேதத்தில் ‘ஹம்சபாதி’ என்று வழங்குவது இதுவே. இதன் இலை நுனி நீண்டு வளைந்து மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விட்டுப் புதுச் செடியாகும். நடந்து போகும் செடி என்று வேடிக்கையாகச் சொல்லலாம். மூன்றாவது, நாற்றுப்பண்ணைகளில் தொட்டியில் வைத்து விற்கப்படும் வகை. இதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. நம் நாட்டுக்கு அழகுச் செடியாக வந்து, நீலகிரி, பழனி மலைகளில் சாலையோர ஈர மண்ணில் தானாகவே பரவிவிட்டது. வியாபாரத்துக்கு உகந்தது இந்த மூன்றாவது வகைதான். பார்வைக்கு அடர்த்தியாக இருக்கும், ஆண்டு முழுவதும் தழைக்கும்.

இனி, இதன் குணம். கத்தரியோ மிளகாயோ நண்பகலில் வாடினாலும் மாலையில் நீர் பாய்ச்சினால் நிமிர்ந்துவிடும். பெரணி அப்படியன்று. ஒரு நாள் வேர் காய்ந்தால் இலை சுருண்டு சருகாகிவிடும். சருகான இலை எத்தனை நீர் ஊற்றினாலும் நிமிராது. கிழங்கு போன்ற அதன் தண்டில் உயிர் இருந்தால் புது இலை வரும். அதற்கு ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். விற்பனைக்கு வைத்திருக்கும் செடி ஒரு மாதம் சருகாக நின்றால் அது நஷ்டம்தானே? ஆகவே இச்செடிக்கு வேண்டியவை மூன்று என்று சொல்வேன். நேர் வெயில் படாத வெளிச்சம், ஈரம் வற்றாத ஆனால் நீர் தேங்காத வேர்ப்பகுதி, எல்லாவற்றுக்கும் மேலாக ஈரமான காற்று. முதல் இரண்டையும் யாரும் எங்கும் ஏற்படுத்திக் கொள்ளலாம். மூன்றாவதைப் பணம் கொடுத்து வாங்குவது கடினம்.

இங்கேதான் வலைக் கூடத்தின் கணக்கு தவறுகிறது. மரத்து நிழலும் வலை நிழலும் ஒன்றல்ல. மரம் தன் இலைகள் வழியாக நாள் முழுவதும் நீரை ஆவியாக வெளியிடுகிறது. அதனால் மரத்தடியில் காற்று குளிர்ந்து ஈரமாக இருக்கிறது. வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தவருக்கும் தகரக் கொட்டகையில் உட்கார்ந்தவருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. வலை வெளிச்சத்தைக் குறைக்கும். கடையில் 50 சதவீதம், 75 சதவீதம், 90 சதவீதம் என்று நிழலின் அளவைச் சொல்லி விற்பார்கள். ஆனால் அது காற்றுக்கு ஈரம் தராது. சித்திரை, வைகாசியில் வறண்ட காற்று வலைக்குள் புகுந்து பெரணியின் இலையை உலர்த்திவிடும். அதைத் தடுக்கப் பனித்தூறல் போல் நீர் தெளிக்கும் குழாய்களை அமைக்க வேண்டும். குழாய்க்கு மோட்டார், மோட்டாருக்கு மின்சாரம், அதற்குக் கிணற்றில் நீர். அதுவும் நல்ல நீராக, கோடையிலும் கிடைக்க வேண்டும். இவ்வளவையும் கூட்டிப் பார்த்தபின் தொட்டிக்கு என்ன விலை கிடைக்கும் என்று பாருங்கள். பெரிய நகரத்தின் அருகில் பல வகைச் செடிகளை வளர்த்து விற்கும் நாற்றுப்பண்ணைக்காரருக்கு இது கட்டுப்படியாகலாம். அவருக்குப் பெரணி பத்தில் ஒன்று. சிறு விவசாயிக்கு அதுவே பத்தும் ஆகிவிட்டால் ஒரு கோடை போதும், எல்லாம் போய்விடும்.

தென்னந்தோப்பை எடுத்துக் கொள்வோம். 7.5 மீட்டர், அதாவது சுமார் 25 அடி இடைவெளியில் வைத்த தோப்பில் ஏக்கருக்கு எழுபது மரங்கள் இருக்கும். மரங்களுக்கு எட்டு வயதுக்கு மேல் ஆகிவிட்டால் ஓலைகள் ஒன்றோடொன்று நெருங்கி, வெயிலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் தரைக்கு வரும். இருபத்தைந்து வயதுக்கு மேல் மரம் உயர உயர வெளிச்சம் மீண்டும் கூடும். நடு வயதுத் தோப்பு பல பயிர்களுக்கு இருட்டு. பெரணிக்கோ அதுதான் தக்க இடம். நெல் விளையாத நிழல் என்று நாம் ஒதுக்கிய இடம் இதற்குப் பயன்படுகிறது.

வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. நண்பகலில் பாத்திக்கு மேல் ஓர் அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். கையின் நிழல் ஓரம் கூர்மையாகத் தெரிந்தால் வெயில் அதிகம். நிழல் மங்கலாக, விரல்கள் பிரிந்தும் பிரியாமலும் தெரிந்தால் சரியான இடம். நிழலே விழவில்லை என்றால் இருட்டு. அங்கே செடி சாகாது, ஆனால் நலிந்து நீண்டு, இலை குறைந்து போகும், யாரும் வாங்கமாட்டார்கள்.

தோப்பில் வைப்பதானாலும் தரையில் நடாதீர்கள். தென்னையின் வேர்களில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள் இருக்கிறது. அங்கே தோண்டினால் தென்னைக்குக் கேடு, நட்டால் பெரணிக்கு நீர் மிஞ்சாது. மண் தொட்டியில் வைத்து, நான்கு மரங்களுக்கு நடுவே, செங்கல் அடுக்கி அதன் மேல் வையுங்கள். நடுவில் வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காய்ந்த மட்டையும் தேங்காயும் விழுவது பெரும்பாலும் மரத்தை ஒட்டித்தான். ஒரு மட்டை விழுந்தால் பத்துத் தொட்டிகள் போகும். பறிப்பு நாளில் தொட்டிகளை அப்புறப்படுத்திவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஓர் எச்சரிக்கை. 2016ஆம் ஆண்டு பொள்ளாச்சிப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ இப்பொழுது எல்லோருக்கும் தெரிந்த பூச்சியாகிவிட்டது. ஓலையின் அடியில் இருந்து சாற்றை உறிஞ்சி, தேன் போன்ற பிசுபிசுப்பைக் கீழே சொரிகிறது. அது விழுந்த இடமெல்லாம் கரும்பூசணம் படர்கிறது. வாழை இலையானால் கழுவிவிடலாம். பெரணியின் நூற்றுக்கணக்கான சிற்றிலைகளை எப்படித் துடைப்பது? ஈ மிகுந்த தோப்பில் பெரணி வைக்க வேண்டாம். ஈயைக் கட்டுப்படுத்தித் தோப்பு தெளிந்த பிறகு யோசிக்கலாம். தோப்பில் வேறு மருந்து தெளிக்கிறவர்களும் தொட்டிகளை முன்கூட்டியே நகர்த்திவிட வேண்டும். எண்ணெய் கலந்த மருந்துகள் இச்செடியின் இலையைக் கருக்கிவிடும். வேப்பெண்ணெய்க் கரைசலைக்கூட ஒரு செடியில் தெளித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றுக்குத் தெளிக்கலாம்.

தென்னையை விடப் பொருத்தமான நிழல் தமிழ்நாட்டில் ஒன்று இருக்கிறது. அது வெற்றிலைக் கொடிக்கால். நிழல் தோட்டம் என்பது நமக்குப் புதிய செய்தி அன்று. அகத்தியை நெருக்கமாக வளர்த்து, அதன் நிழலில் கொடியை ஏற்றி, வாய்க்காலில் அடிக்கடி நீர் விட்டு, உள்ளே நுழைந்தவுடன் உடம்பு சில்லென்று உணரும்படி வைத்திருப்பது நம் முன்னோர் கண்ட முறை. வெயிலின் அளவையும் காற்றின் ஈரத்தையும் இவ்வளவு நுட்பமாகக் கட்டுப்படுத்தும் வேறு சாகுபடி நம்மிடம் இல்லை. கொடிக்கால் விவசாயிக்குப் பெரணி வளர்ப்பைப் பற்றி நான் கற்றுத் தருவதைவிட அவரிடம் நான் கற்றுக்கொள்வதே அதிகமாக இருக்கும். ஆயினும் கொடிகளுக்கு நடுவே வைப்பதை நான் ஏற்கமாட்டேன். வாடல் நோய்க்காகப் போர்டோ கலவை ஊற்றுகிற இடம் அது, தொட்டியில் மருந்து விழும். தலைமடையில் நீர் நுழையும் மூலையில், ஓரத்து அகத்தி வரிசையின் நிழலில் பத்தடி நீளம், நான்கடி அகலத்தில் ஒரு மேடை போதும். அடிக்கு ஒன்றாக நாற்பது தொட்டிகள் வைக்கலாம். வீட்டுப் பெண்கள் வெற்றிலை எடுக்க வரும் பொழுதே இவற்றையும் கவனித்துக் கொள்ளலாம். இதற்கெனத் தனியாக ஆள் கூலி கொடுக்கும் நிலை வந்தால் இந்தத் தொழில் கட்டாது.

எல்லா ஊருக்கும் இது ஏற்றதா? இல்லை. பொள்ளாச்சி, ஆனைமலை, கம்பம் பள்ளத்தாக்கு, தென்காசி, செங்கோட்டை, கன்னியாகுமரி மாவட்டம் ஆகிய இடங்களில் மலைக் காற்றும் இரு பருவ மழையின் சாரலும் துணை செய்கின்றன. ஏற்காடு, கொல்லிமலை, தாண்டிக்குடி போன்ற இடங்களில் காப்பித் தோட்ட நிழல் இருக்கிறது. அங்கெல்லாம் தைரியமாக முயலலாம். இராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் கரிசல், செவல் மானாவாரிப் பகுதிகளில் இருப்பவர்கள் இந்த ஆசையை விட்டுவிடுவதே நல்லது. அங்கே கேணி மேடை ஓரத்தில் வீட்டு அழகுக்காக இரண்டு தொட்டி வைத்துக் கொள்ளலாம், அவ்வளவே.

ஊரைக் காட்டிலும் முக்கியமானது தண்ணீர். உப்பு நீர் இச்செடிக்கு ஆகாது. சிற்றிலைகளின் ஓரம் பழுப்பாகித் தீய்ந்தாற்போல் ஆனால் பலர் பூச்சி என்று நினைத்து மருந்தைத் தேடுவார்கள். பெரும்பாலும் அது நீரில் உள்ள உப்பின் வேலை, அல்லது உரம் மிகுந்ததன் வேலை. தொடங்கும் முன் கிணற்று நீரைப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பி உப்பின் அளவைத் தெரிந்து கொள்ளுங்கள். நீர் உவர்ப்பாக இருந்தால் கூரை மழைநீரைத் தொட்டியில் சேமித்து அதை மட்டுமே ஊற்ற வேண்டும். கோடையில் இருநூறு தொட்டிகளுக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டராவது வேண்டியிருக்கும். அத்தனை மழைநீர் யாரிடம் இருக்கிறது? ஆகவே உவர் நீர்க்காரர்களும் நாற்பது தொட்டிக்கு மேல் போக வேண்டாம்.

தொட்டி மண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நன்கு மக்கிய இலை மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மக்கிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, சிறிதளவு உடைத்த அடுப்புக்கரி. நார்க்கழிவைப் பச்சையாகப் போடக் கூடாது. அதில் உப்பும் துவர்ப்புச் சத்தும் இருக்கின்றன. யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் இட்டு மக்க வைத்து, கறுத்த பிறகு, இரண்டு முறை நீரில் அலசிச் சேர்க்க வேண்டும். களிமண் கூடவே கூடாது. தொட்டியின் அடியில் உடைந்த ஓடு போட்டு நீர் வடியச் செய்யுங்கள். கேணிச் சுவர் வகைக்கு மட்டும் பழைய சுண்ணாம்புக் காரையை இடித்து ஒரு பிடி சேர்க்கலாம். உரம் என்றால், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை லிட்டர் நீருக்கு அரை கிராம் அளவில் நீரில் கரையும் கலப்பு உரம், அல்லது நன்கு புளித்துத் தெளிந்த சாணக் கரைசலை நீர் போல் நீர்த்து ஊற்றினால் போதும். பசுமைக்கு ஆசைப்பட்டு யூரியாவை அள்ளிப் போட்டவர்களின் செடிகள் ஒரே வாரத்தில் கருகியதைப் பார்த்திருக்கிறேன்.

செடியைப் பெருக்குவதில்தான் இந்தத் தொழிலின் இலாபம் இருக்கிறது. விலை கொடுத்து ஆயிரம் செடி வாங்குகிறவர் வாங்கிய அன்றே பாதி தோற்றுவிட்டார் என்பேன். நல்ல தாய்ச் செடி பத்து வாங்கினால் போதும். தென்மேற்குப் பருவக் காற்றில் ஈரம் ஏறியவுடன், செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, தண்டைக் கூரிய கத்தியால் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டிலும் மூன்று நான்கு இலையும், சுருண்டு நிற்கும் இளம் குருத்து ஒன்றாவதும், கொஞ்சம் வேரும் இருக்க வேண்டும். தண்டை ஆழமாகப் புதைத்தால் அழுகிவிடும். மண்ணுக்கு மேலே தெரியும்படி வைத்து, பழைய இலைகளை நறுக்கிவிட்டு, மூன்று வாரம் நல்ல நிழலில் வையுங்கள். ஒரு செடி மூன்றாகும், நான்காகும். இரண்டு மழைக்காலத்தில் பத்து செடி நூறாகிவிடும்.

பொறுமை உள்ளவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. சிற்றிலையின் ஓரம் உட்புறமாக மடிந்து, அந்த மடிப்பின் கீழ் பழுப்பு நிறத்தில் வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். அவை வித்துத்தூள் பைகள். இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்தப் புள்ளிகளை நோய் என்றும் செதில் பூச்சி என்றும் கருதி மருந்தடித்துச் செடியைக் கொன்றவர்கள் அநேகம். ஓரத்தில் ஒரே அளவாக, ஒழுங்காக இருந்தால் வித்துத்தூள். காம்பிலும் இலையிலும் ஒழுங்கின்றிச் சிதறி, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வந்து ஒட்டினால் அது செதில் பூச்சி. அதற்கும் மருந்து வேண்டாம், அந்த இலையை வெட்டி எரித்துவிடுங்கள். நத்தைகளை அந்தி நேரத்தில் ஈரச் சாக்கை விரித்து வைத்து, விடியலில் பொறுக்கி அழிக்கலாம்.

முதிர்ந்த இலையைக் காகித உறையில் இரண்டு நாள் வைத்தால் பழுப்புப் பொடி உதிரும். அகன்ற மண் சட்டியில் இலை மண்ணும் மணலும் நிரப்பி, கொதிக்கும் நீரை ஊற்றி ஆற விட்டு, பொடியை மெல்லத் தூவி, கண்ணாடித் துண்டால் மூடி, சட்டியை நீர்த் தட்டில் வைக்க வேண்டும். சில வாரங்களில் பச்சைப் பாசி போல் படரும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் நகத்தளவு கூட இல்லாத இதய வடிவத் தகடாக இருக்கும். இந்தத் தகட்டில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உண்டு. ஆண் அணு நீரில் நீந்திச் சென்றுதான் பெண் அணுவைச் சேரும். ஆகவே கொதித்து ஆறிய நீரை மெல்லிய தூறலாகத் தெளித்து வர வேண்டும். அதன் பின்னரே உண்மையான பெரணிக் குஞ்சுகள் தலை காட்டும். விற்கும் அளவுக்கு வர ஓராண்டாகும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தச் சட்டி ஒன்று இருந்தால் அவர்கள் பாடப் புத்தகத்தைவிட அதிகம் கற்பார்கள்.

விற்பனையைப் பற்றி. பூங்கொத்துக்கும் மேடை அலங்காரத்துக்கும் பெரணி இலை வெட்டி விற்கலாம் என்கிறார்கள். இந்த மெல்லிய பெரணியின் இலை வெட்டிய சில மணி நேரத்தில் வாடிவிடும். உலகச் சந்தையில் வெட்டு இலையாகப் போவது இது அன்று. தோல் போல் தடித்த இலையுடைய வேறு பெரணி அது. ‘லெதர்லீஃப்’ என்பார்கள். வெட்டிய பின் இரண்டு வாரம் வாடாது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பியர்சன் என்ற சிற்றூர் உலகின் பெரணித் தலைநகர் என்று தன்னைச் சொல்லிக் கொள்ளும் அளவுக்கு அதை வளர்க்கிறது. அங்கே வலைக் கூடங்களும் உண்டு, முதிய ஓக் மரங்களின் நிழலில் வளர்ப்பவர்களும் உண்டு. பெரணியால் பணம் சம்பாதிக்கும் ஊரிலேயே மரத்து நிழலை விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். நம்மூரில் இந்தத் தடித்த வகை மலைப் பகுதிகளுக்கே ஏற்றது.

எனவே மெல்லிய பெரணியைத் தொட்டியோடுதான் விற்க வேண்டும். அதிலும் முதல் ஆண்டு இதைத் தொடாதீர்கள். வாள் பெரணி என்று சொல்லும் நீள இலை வகை நாற்றுப்பண்ணை எல்லாவற்றிலும் கிடைக்கும். கொஞ்சம் வெயிலையும் வறட்சியையும் பொறுக்கும். ஓடு தண்டு விட்டுத் தானே பெருகும். அழகில் ஒரு படி குறைவு, ஆனால் அதை வைத்து நிழலையும் நீரையும் கற்றுக் கொள்ளலாம். ஒரு கோடையில் அதைத் தழைக்க வைக்க முடிந்தவர் அடுத்த ஆண்டு அடியாண்டத்துக்கு வரலாம். முடியாதவருக்கு அதிக நஷ்டம் இருக்காது.

கடைசியாக ஒன்று. இது எனக்கு மனவருத்தம் தரும் விஷயம். மலைச் சாலையோரங்களிலும் ஓடைக் கரைகளிலும் உள்ள பெரணிகளை வேரோடு பிடுங்கிச் சாக்கில் கட்டி வந்து விற்பதும், அதைத் தாய்ச் செடி என்று வாங்குவதும் நடக்கிறது. காப்புக் காட்டில் செடி எடுப்பது சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், தொழில் முறையிலும் அது மடத்தனம். பாறை ஈரத்தில் வேர் விட்ட செடி சமவெளித் தொட்டியில் பெரும்பாலும் பிழைக்காது. பத்து பிடுங்கினால் ஒன்று தேறும், ஒன்பது செத்துப் போகும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருநூறுக்கும் மேற்பட்ட பெரணி வகைகள் இருக்கின்றன. சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய பெட்டோம் என்ற ஆங்கிலேய அதிகாரி 1863ஆம் ஆண்டிலேயே தென்னிந்தியப் பெரணிகளைப் படம் வரைந்து நூலாக வெளியிடத் தொடங்கினார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் பாதிரியார் மாணிக்கமும் அவருடன் உழைத்த இருதயராஜும் நம் காலத்தில் அப்பணியைத் தொடர்ந்தார்கள். அவர்கள் மலை மலையாக ஏறிப் பதிவு செய்தவற்றில் சில வகைகள் ஒரு சில ஓடைக் கரைகளில் மட்டுமே இருக்கின்றன. ஒரு சாக்கில் அவை அடங்கிவிடும்.

இங்கிலாந்தில் இப்படி நடந்திருக்கிறது. 1829ஆம் ஆண்டு இலண்டனில் வார்டு என்ற மருத்துவர், மூடிய கண்ணாடிப் புட்டியில் ஈர மண்ணில் பெரணி ஒன்று தானாக முளைத்திருப்பதைக் கண்டார். மூடிய கண்ணாடிக்குள் காற்றின் ஈரம் போகாது, அதனால் செடி பிழைக்கும் என்று தெரிந்தது. அதன் பின் கண்ணாடிப் பெட்டியில் பெரணி வளர்க்கும் மோகம் நாடெங்கும் பரவிற்று. அதற்கு ‘பெரணிப் பைத்தியம்’ என்றே 1855இல் ஓர் எழுத்தாளர் பெயர் வைத்தார். வண்டி வண்டியாகப் பிடுங்கி விற்றார்கள். அயர்லாந்தின் கில்லார்னிப் பெரணி அழிவின் விளிம்புக்குப் போனது. அந்தக் கண்ணாடிப் பெட்டியால் நமக்கு ஒரு நன்மையும் விளைந்தது. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து தரும் சின்கோனாச் செடிகள் 1860களில் தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி நீலகிரிக்கு வந்து சேர்ந்தது அத்தகைய பெட்டிகளில்தான்.

தாய்ச் செடி வாங்கும்போது தொட்டியைச் சற்றுக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். தொட்டியிலேயே வளர்ந்த செடியானால் வேர்கள் மண்ணைப் பின்னிப் பிடித்து, கட்டியாக அப்படியே வெளிவரும். மண் பொலபொலவென்று உதிர்ந்து, அறுந்த வேரும் மலைச் சேறும் தெரிந்தால், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கிய செடியை முதல் இரண்டு வாரம் மற்றவற்றோடு சேர்க்காமல், வீட்டுக் கேணி ஓரத்தில் தனியே வைத்திருந்து, நத்தையும் செதிலும் இல்லை என்று பார்த்த பிறகு தோப்புக்குக் கொண்டு போங்கள்.